பத்து விரல் நகங்கள்

ஒரு சுற்று ஊசிக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே எனக்குக் கொஞ்சம் தெம்பான நாட்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதே நோய் வந்து, கையில் டோக்கனோடு, எப்போது பெயரைக் கூப்பிடுவார்கள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் யாருக்காவது பயன்படட்டும். எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவிநாசிக்கு மேற்கே எங்கள் ஊர். வேலைக்காலம் முழுக்கச் சுற்று வட்டாரத்து மாடுகளுக்குச் சினை ஊசி போட்டேன். ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டேன். எத்தனை போட்டேன் என்ற கணக்கு என்னிடம் உண்டு, ஆனால் அது இங்கே வேண்டாம். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது, அவ்வளவுதான். போன தை மாதம் மாடிப்படி ஏறும்போது பாதியில் நிற்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அந்தப் பாதிக்குக்கூடப் போய்ச்சேரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது.

ஆட்டுக்கு இமை வெளுத்தால் குடலில் புழு என்று அர்த்தம். என் கை எத்தனையோ ஆட்டின் இமையை இழுத்துப் பார்த்த கை. எனவே எனக்கு நானே புழு மருந்து கொடுத்துக்கொண்டேன். கூடவே இரும்புச் சத்து டானிக். என் மனைவி சரஸ்வதி வாரம் இரண்டு முறை ஆட்டு மண்ணீரல் வறுத்துக் கொடுத்தாள்; சுவரொட்டி என்று சொல்வோமே, அது. மூன்று மாதம் இப்படியே போயிற்று. இமை இன்னும் வெளுத்தது.

கோவை பீளமேட்டில் குடியிருக்கும் மகள் கவிதா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது என் முழங்கைக்குக் கீழே இருந்த ஊதா நிறத் திட்டுகளைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்ப்பா, கையில என்ன இது?"

"மோட்டார் ரூம் கதவு இடிச்சுப்போட்டுது கண்ணு."

"ரெண்டு கையிலயுமா?"

அன்றே அவள் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பல வருடம் மருத்துவம் பார்த்து, இரண்டு முறை கரு நிற்காமல் போய், மூன்றாம் முறை நின்ற குழந்தை. அவளை அலையவைக்கிறோமே என்று வழியெல்லாம் புலம்பினேன். அவள் வேகத்தைக் குறைக்காமல் வண்டியை ஓட்டினாள்.

ரத்த நோய்ப் பிரிவின் மருத்துவருக்கு வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். நான் இதுவரை என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். சொன்னேன்.

"புழு மருந்துன்னா, ஆட்டுக்குக் குடுக்கறதுங்களா?"

"இல்லீங், மனுசருக்கு விக்கறதுதானுங்க."

"அந்த மட்டுக்கும் சந்தோசம்" என்று எழுதிக்கொண்டார். டானிக்கை நிறுத்தச் சொன்னார். என் உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்ததாம். சரஸ்வதிக்கு அதைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

பிறகு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்னிடுப்பு எலும்பில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியை எலும்புக்குள் திருகி இறக்குகிறார்கள். திருகுவது வலிக்கவில்லை, அழுத்தம்தான். உள்ளிருந்து மஜ்ஜையை உறிஞ்சும் அந்தச் சில நொடிகள்தான் கடினம். கால் நரம்பு முழுவதையும் யாரோ பிடித்து இழுப்பது போல இருக்கும். எண்ணினேன். பதினொன்றுக்குள் முடிந்துவிட்டது. இதற்குப் பயந்து யாரும் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நோயின் பெயர் மைலோடிஸ்பிளாசியா. மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்துகொண்டே இருக்கிறது, ஆனால் அவை சரியாக முதிராமல் பாதியிலேயே செத்துவிடுகின்றன. மருத்துவர் எங்கள் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார்: "மில்லு முழு ஷிஃப்டும் ஓடுதுங்க. நூல்தான் தேறலை." இது கவனிக்காமல் விட்டால் ரத்தப் புற்றுநோயாக மாறக்கூடிய வகை. என் வயதில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஆபத்து. எனவே அசாசிடிடின் என்ற மருந்தை மாதத்தில் ஏழு நாள், வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட வேண்டும். நான்கு முதல் ஆறு சுற்று போட்டால்தான் பலன் தெரியும். அதற்கு முன் அணுக்கள் இன்னும் இறங்கும். "இறங்கறப்பத்தான் நெறையப் பேரு நிறுத்தீட்டுப் போயிருவாங்க. நீங்க போயிராதீங்க" என்றார்.

ஊசி நாட்களில் பீளமேட்டில் மகள் வீட்டில் தங்க ஏற்பாடு. அங்கே ஏற்கெனவே சம்பந்தியம்மாள் ருக்மணி இருந்தார். சென்னிமலையிலிருந்து மருமகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர். அவர்கள் வீட்டில் தறி உண்டு. எனக்குத் தொற்று வரக்கூடாது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தினமும் என் கட்டிலில் வெந்நீரில் துவைத்த புதுப் போர்வையை விரிப்பார். என்னோடு அதிகம் பேசமாட்டார். சம்பந்திகள் ஒரே வீட்டில் தங்குவதே அவருக்கு ஒப்பவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்று முடிந்தது. குமட்டலுக்கு ஊசிக்கு முன்பே மாத்திரை கொடுக்கிறார்கள். அதை மறக்காமல் போட்டால் தாங்கலாம். மலச்சிக்கல்தான் பெரிய தொல்லை, யாரும் வெளியே சொல்லாத தொல்லை. ஊசி போட்ட இடம் சிவந்து தடிக்கும். பில் காப்பீட்டில் பாதிதான் போனது; மீதிக்கு மாப்பிள்ளை செந்தில் என்னிடம் கேட்காமலே அட்டையைத் தேய்த்துவிட்டு வந்து, "மாமா, டீ சாப்பிடலாமுங்களா" என்றார்.

மஜ்ஜையில் செய்த மரபணுப் பரிசோதனையின் அறிக்கை அதன் பிறகுதான் வந்தது. மருத்துவர் வெளியூர் போயிருந்ததால் கைபேசிக்கு நேராக அனுப்பிவிட்டார்கள். பிழை உள்ள மரபணுவின் பெயர் டி.என்.எம்.டி-3ஏ. எத்தனை விழுக்காடு என்ற கட்டத்தில் நாற்பத்தேழு.

எனக்குப் படிக்கத் தெரியும். அதுதான் வம்பாயிற்று. இரண்டு நாள் கைபேசியை வைத்துக்கொண்டு படித்தேன். புரிந்ததைச் சொல்கிறேன். நம் உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே மரபணுத் தொகுதிதான். ஆனாலும் ஈரல் ஈரலாகவும் தோல் தோலாகவும் இருப்பது, ஒவ்வொன்றிலும் சில மரபணுக்கள் வேலை செய்ய, மற்றவை வாயடைத்துக் கிடப்பதால். வாயடைக்கும் வழிகளில் ஒன்று, மரபணு இழையின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிப்பொருளை ஒட்டுவது. கரு உருவான முதல் நாட்களில், விந்தும் முட்டையும் கொண்டுவந்த பழைய ஒட்டுகள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் வந்த ஒரு சில மட்டும் பத்திரமாக நிற்கும். பிறகு கரு கருப்பையில் பதியும் சமயத்தில் புதிய ஒட்டுகள் விழுகின்றன. அவற்றைப் போடும் நொதிகள் 3ஏ, 3பி என்ற இரண்டு; எனக்குப் பிழை இருந்தது அந்த 3ஏ நொதியைச் செய்யும் மரபணுவில். செல் பிரியும்போது அந்த ஒட்டுகளைப் பார்த்துப் புது இழையிலும் அப்படியே போடுவது டி.என்.எம்.டி-1 என்ற இன்னொன்று. என் வயிற்றில் போடும் மருந்து இந்த நகலெடுக்கும் நொதியைத்தான் பிடித்துக் கட்டுகிறது. செல்கள் பிரியப் பிரிய, மஜ்ஜையில் தப்பான இடத்தில் விழுந்த ஒட்டுகள் குறையும் என்பது எதிர்பார்ப்பு. அதனால்தான் அத்தனை சுற்று.

ஒரு பயிற்சியில் ஏழாம் நாள் மாட்டுக் கருவை உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறேன். ஒட்டிக்கொண்ட ஜவ்வரிசி உருண்டை போல இருக்கும். அதற்குள் இவ்வளவு அழிப்பும் எழுத்தும் நடந்துகொண்டிருந்தது அன்று எனக்குத் தெரியாது.

பயம் எங்கே பிடித்தது என்றால், அந்த நாற்பத்தேழில். ஒரு பிழை பிறவியிலேயே இருந்தால், எல்லா செல்லிலும் தாய் பிரதி, தகப்பன் பிரதி இரண்டில் ஒன்றில் இருக்கும், அதாவது ஐம்பது. நாற்பத்தேழு ஐம்பதுக்குப் பக்கம். பிறவியிலேயே இருந்தால் கவிதாவுக்குப் போயிருக்கலாம். அவள் வயிற்றில் இருக்கும் கருவுக்குப் போயிருக்கலாம். இந்த நொதி இல்லாமல் பிறந்த எலிக்குட்டிகள் சில வாரத்தில் செத்துவிடும் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. மனிதருக்கு ஒரு பிரதி கெட்டிருந்தால் உயரமாக வளர்வார்கள், தலை பெரிதாக இருக்கும், படிப்பு மந்தமாகலாம் என்று இன்னொரு பக்கத்தில். நான் ஆறடிக்கு மேல். கவிதா அவள் புருஷனை விட ஒரு விரற்கடை உயரம். சம்பந்தியம்மாளின் தையல் டேப்பை எடுத்து என் தலையை மூன்று முறை அளந்தேன்.

அடுத்து நான் செய்ததை எந்த மனிதனும் செய்திருக்கமாட்டான்; கால்நடைத் துறைக்காரன் மட்டும்தான் செய்வான். எங்கள் வேலையில் ஒரு பொலிகாளைக்குப் பரம்பரைக் கோளாறு என்று தெரிந்தால், அதன் விந்து அடைத்த குச்சிகளைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே போட்ட மாடுகளின் சொந்தக்காரர்களுக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மறைப்பது குற்றம். அந்தப் பழக்கத்தில், மகளிடமும் கேட்காமல், மருத்துவரையும் கேட்காமல், செந்திலைப் பால்கனிக்குக் கூப்பிட்டு, பொலிகாளை வழக்கம் உட்பட விவரம் முழுவதையும் சொல்லி, "உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமைங்க மாப்பிள்ளை" என்று முடித்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஸ்கேன்ல எல்லாம் நல்லா இருக்குன்னாங்களே மாமா" என்றார். பிறகு, "ஏதாவது முடிவெடுக்கறதுன்னா, சட்டப்படி நாள் கம்மியாத்தான் இருக்கும்ங்க" என்றார். அவரும் பாவம், என்னைப் போலவே கணக்குப் போட்டார். பால்கனிக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சம்பந்தியம்மாளின் கை நின்றுவிட்டது.

அன்று மாலை கவிதா அலுவலகத்திலிருந்து வந்து, செந்தில் சொன்னதைக் கேட்டதும் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னையக் கிடாரின்னு நெனச்சுப்போட்டீங்களா?"

"அப்படியில்ல கண்ணு..."

"பின்ன? சொந்தக்காரருக்குத் தகவல் சொன்னீங்களாமே. எனக்கு யாருங்ப்பா சொந்தக்காரரு?"

சரஸ்வதி சமையலறை வாசலில் நின்று, "ஏனுங்க, ஊசிய வயித்துல போடறாங்களே, வாயில போடச் சொல்லக்கூடாதா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும் அழுதுகொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் மருத்துவர் திரும்பியிருந்தார். கவிதாவும் வந்தாள். மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வயசானவங்க ரத்தத்துல இந்தப் பிழை வர்றது ரொம்ப சகஜங்க. பொறந்து எழுபது வருசம் கழிச்சு ஒரே ஒரு மஜ்ஜை செல்லுல வந்திருக்கும். அந்த ஒண்ணு பெருகிப் பெருகி மஜ்ஜை முழுக்க அதோட வாரிசா ஆயிருச்சுன்னா, அப்பவும் ஐம்பதுக்குப் பக்கமாத்தான் காட்டும். கருவுல ஒட்டுப்போடற அதே நொதிதான், ஆனா உங்க விசயத்துல கெட்டது ரத்தத்துலதான்னு நான் நெனைக்கறேன்."

"நெனைக்கறீங்களா, உறுதிங்களா?"

"நெனைக்கறேன். பிறவின்னா இத்தனை வருசத்துல வேற அறிகுறி தெரிஞ்சிருக்கும். தலை அளவெல்லாம் விடுங்க." அவர் கவிதா பக்கம் திரும்பினார். "சீக்கிரம் தெரியணும்னா ஒரு வழி இருக்கு. உங்க ரத்தத்துல இந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தா ஒரு வாரத்துல சொல்லிடலாம்."

"வேண்டாங்க" என்றாள் கவிதா.

"கண்ணு..."

"அப்பா, கொஞ்சம் இருங்க." அவள் மருத்துவரைப் பார்த்தே பேசினாள். "எனக்கு முப்பத்தாறு வயசாச்சு. நல்லாத்தான் இருக்கறேன். ரெண்டு தடவை நிக்காம போச்சு, இது நின்னிருக்கு. பிழை இருக்குதுன்னு நீங்க சொன்னாலும் நான் இதைக் கலைக்கப்போறதில்லை. அப்பறம் தெரிஞ்சு என்ன செய்யறது, படுத்துட்டு வெசனப்படறதா? எனக்கு டெஸ்ட் வேண்டாம்."

"அது உங்க உரிமைங்க" என்றார் மருத்துவர்.

அவளுக்குத் தெரிய வேண்டாம், சரி. எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? "எங்கிட்ட எடுத்துப் பார்க்க வழி இல்லீங்களா?" என்று கேட்டேன். இருந்தது. ரத்தம் கலக்காத உடம்புப் பகுதியில் பார்க்க வேண்டும். தோல் எடுக்கலாம், ஆனால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு எனக்குக் குறைந்திருந்த நிலையில் ரத்தம் நிற்காது. நகம் போதும். நகத்தில் அந்தப் பிழை இருந்தால் பிறவி. இல்லாவிட்டால் ரத்தத்தோடு சரி. முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் செந்தில் சொன்ன நாட்கணக்கு கடந்துவிடும். கவிதா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பத்து விரல் நகத்தையும் நன்றாகக் கழுவி, ஒட்ட வெட்டி, ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுத்தேன். போதாது என்று பத்து நாள் கழித்து இன்னொரு முறை கேட்டார்கள். நகம் இவ்வளவு மெதுவாக வளரும் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இரண்டாம் சுற்று கடுமையாக இருந்தது. மருத்துவர் சொன்னபடியே அணுக்கள் எல்லாம் இறங்கின. வெள்ளணு, தட்டணு, ஹீமோகுளோபின், மூன்றும். காய்ச்சல் வந்து ஐந்து நாள் தனியறையில் வைத்தார்கள். செந்தில் எனக்காகத் தட்டணு தானம் கொடுத்தார். இரண்டு மணி நேரம் இயந்திரத்தில் படுத்துவிட்டு, கையில் பிளாஸ்திரியோடு அலுவலகம் போனார். நான் அந்த மஞ்சள் பை சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, நிறுத்திவிடலாமா என்று முதல் முறையாக யோசித்தேன். எண்ணிக்கை ஏறுவதற்காக எண்ணுவது ஒரு மாதிரி. இறங்கிக்கொண்டே இருப்பதை எண்ணுவது வேறு மாதிரி.

அந்த அறைக்குத்தான் ஒரு நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டு சம்பந்தியம்மாள் வந்தார். பால்கனி விஷயத்துக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டுச்சோறு தள்ளிப்போகும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் ஏழாம் மாதம் பெண் வீட்டார் பல வகைச் சோறு கட்டிக்கொண்டு போய், மகளுக்கு ஊட்டி, பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்காவிட்டால் பெண்ணை அழைத்துவர முடியாது.

"ஏனுங் சம்பந்தி, வர்ற வெள்ளிக்கெழமை நாள் நல்லா இருக்குது" என்றார். "கட்டுச்சோத்த வச்சுப்போடலாமா?"

"நகத்து ரிசல்ட் இன்னும் வரலீங்க."

"ரிசல்ட்டுக்கு நாள் பார்ப்பாங்களா? மாசம் நிக்குமா?" கையில் இருந்த பையிலிருந்து மடித்த போர்வையை எடுத்து என் காலடியில் வைத்தார். "எம்பட மருமவ அன்னிக்குச் சாப்பிடாம படுத்துட்டா. எனக்கு அந்த ஆத்தரம் இருந்துது. எப்படிப்பட்ட பேரக்கொழந்தை வந்தாலும் எங்க ஊட்டுதுதான். இத ஏனுங் மொதல்ல எங்கிட்டச் சொல்லல, எம்பட பையங்கிட்டச் சொன்னீங்க? அவனுக்கு என்ன தெரியும்?"

"தப்புத்தானுங்க" என்றேன்.

"சரி, புளிச்சோறு கொஞ்சம் காரமா செய்யச் சொல்லுங்க. அவளுக்கு அது வேணுமாமா."

வெள்ளிக்கிழமை பீளமேட்டு வீட்டில் கட்டுச்சோறு நடந்தது. ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், அதிகம் கூப்பிடவில்லை. ஊருக்கு அழைத்துப்போவதை மட்டும் என் ஊசி நாட்களுக்காகத் தள்ளிவைத்துக்கொண்டோம். வெள்ளணு குறைவாக இருந்ததால் நான் மட்டும் முகக்கவசத்தோடு படுக்கையறை வாசலில் தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சரஸ்வதியும் அவள் தங்கையும் விடிவதற்கு முன்பே எழுந்து செய்த சோறு வகைகள் வரிசையாக இருந்தன. கவிதா பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். முதல் கவளத்தை சரஸ்வதி ஊட்டினாள். இரண்டாவது சம்பந்தியம்மாள்.

அப்போது என் கைபேசி அதிர்ந்தது. மருத்துவமனை எண். எழப்போனேன்.

"அப்பா" என்றாள் கவிதா, வாயில் சோற்றோடு. "சாப்பிட்டு முடிக்கட்டும்."

உட்கார்ந்தேன். அழைப்பு நின்றது. மறுபடியும் வந்தது, மறுபடியும் நின்றது. அவள் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டாள், தேங்காய்ச் சோறு சாப்பிட்டாள், புளிச்சோறு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள், தயிர்ச்சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். யாருடைய சாப்பாட்டையும் நான் அத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இப்பப் பேசுங்க."

பேசினேன். நகத்தில் இல்லை என்றார் மருத்துவர். கொஞ்சங்கூட இல்லை. ரத்தத்தில் மட்டும்தான். அதை அவர் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறையும் சொல்ல வைத்தேன். செந்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். சம்பந்தியம்மாள் சென்னிமலை முருகன் இருக்கும் திசை எது என்று கேட்டுத் திரும்பி நின்று கும்பிட்டார்.

கவிதா கும்பிடவும் இல்லை, அழவும் இல்லை. முகத்தில் அப்படி ஒன்றும் மாறவில்லை. எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"கேட்டியா கண்ணு? உனக்கு இல்லை. கொழந்தைக்கு இல்லை."

"கேட்டேனுங்ப்பா." என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, உள்பக்கத்தில் புதிதாக வந்திருந்த ஊதாத் திட்டைப் பார்த்தாள். கட்டைவிரலால் அதைச் சுற்றித் தடவினாள். "மூணாவது ரவுண்டு வேண்டாம்னு அம்மாகிட்டச் சொன்னீங்களாமா?"

அவள் இத்தனை நாளும் எந்த முடிவுக்காகக் காத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பொறக்கறது பொறக்கும்" என்றாள். "நீங்க இருக்கணும். ஆறு ரவுண்டுன்னா ஆறு. திங்கக்கெழமை எத்தனை மணிக்கு டோக்கன்?"

"எட்டரைக்கு."

"எட்டுக்குக் கெளம்பலாம். நானும் வாரேன்."

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினோம்.